தாத்தா போட்ட முடிச்சு: ஷின்சோ அபேயும் நான்கு தீவுகளும்

2014 பிப்ரவரி 7 அன்று ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போனார். பகலில் டோக்கியோவில் ‘வடக்குப் பிரதேச நாள்’ கூட்டம். ரஷ்யாவின் கையில் இருக்கும் நான்கு தீவுகளைத் திருப்பித் தரச் சொல்லி ஆண்டுதோறும் நடப்பது. அங்கே பேசி முடித்ததும் விமானம் ஏறினார். அன்றிரவு சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், விளாடிமிர் புதினின் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டுத் தலைவர்கள் யாரும் அந்த விழாவுக்குப் போகவில்லை. அபே போனார். காலையில் தீவைக் கேட்டுவிட்டு மாலையில் கேட்கப்பட்டவர் வீட்டு விசேஷத்துக்குப் போக அவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. தீவு வேண்டுமென்றால் அந்த மனிதரிடம்தான் பேசியாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

தன் பதவிக்காலங்கள் முழுவதும் சேர்த்துப் புதினை 27 முறை சந்தித்தார். ஜப்பானிய வரலாற்றிலேயே நீண்ட காலம் பிரதமராக இருந்தவர், இந்த ஒரு விஷயத்துக்குச் செலவழித்த நேரமும் அரசியல் மூலதனமும் கொஞ்சமல்ல. கிடைத்தது? ஒரு பாறைகூட இல்லை. புதின் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், அபே அப்பாவியாக இருந்துவிட்டார் என்று இன்னொரு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காரியம் நின்றுபோன இடம் இந்த இருவருக்கும் முந்தியது. அது அபேயின் குடும்ப வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் தீவுகள். ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவின் கிழக்கு மூலையில் நெமுரோ என்றொரு மீன்பிடி ஊர். அதன் நொசாப்பு முனையிலிருந்து பார்த்தால் ரஷ்யா வசமுள்ள கைகரா என்ற குட்டித் தீவு கண்ணுக்கே தெரியும். தூரம் 3.7 கிலோமீட்டர்தான். அது ஹபொமாய் என்ற சிறு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அப்பால் ஷிகோதான், குனாஷிரி, எதோரோஃபு. கடைசி இரண்டையும் ரஷ்யர்கள் குனாஷிர், இதுருப் என்கிறார்கள். நான்கும் சேர்ந்து சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். இதில் ஹபொமாயும் ஷிகோதானும் சேர்ந்தே 7 சதவீதம்தான். இந்த 7 சதவீதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முழுப் பேரமும் இதைச் சுற்றித்தான் வரும்.

மீன், நண்டு, கடற்பாசி எல்லாம் அங்கே ஏராளம். ஆனால் மாஸ்கோவின் ராணுவத்துக்கு முக்கியம் மீன் அல்ல, தண்ணீர். இந்த நான்கிலிருந்து வடகிழக்கே கம்சட்கா வரை நீளும் குரில் தீவுச் சங்கிலிக்கு உட்புறம் இருக்கும் ஓகோட்ஸ்க் கடலில்தான் ரஷ்யப் பசிபிக் படையின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் பதுங்கியிருக்க முடியும். அந்தக் கடலின் மதில் இந்தத் தீவுச் சங்கிலி. குனாஷிரிக்கும் எதோரோஃபுவுக்கும் இடையில் ஓடும் நீர்வழி ஆழமானது, குளிர்காலத்திலும் கப்பல் போகலாம். மதிலில் இப்படியொரு வாசல் இருக்கும் இடத்தை எந்தத் தளபதியும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்.

யாருடைய தீவுகள் என்ற கேள்விக்கு இரு தரப்பிடமும் ஆவணம் உண்டு. 1855 பிப்ரவரி 7-இல் கையெழுத்தான ஷிமோதா ஒப்பந்தம் எதோரோஃபுவுக்கும் அதற்கு வடக்கே உள்ள உருப் தீவுக்கும் நடுவே கோடு போட்டது. நான்கும் ஜப்பான் பக்கம். வடக்குப் பிரதேச நாள் பிப்ரவரி 7-இல் வருவது அதனால்தான். 1875-இல் ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள பெரிய தீவான சகாலினை ரஷ்யாவுக்கு விட்டுவிட்டு மீதிக் குரில் தீவுகளையும் ஜப்பான் வாங்கிக்கொண்டது. 1905 போர் வெற்றிக்குப் பிறகு சகாலினின் தெற்குப் பாதியையும் எடுத்துக்கொண்டது. (இவர்கள் இருவருக்கும் முன்பே அங்கே வாழ்ந்த ஐனு மக்களிடம் எந்த ஒப்பந்தத்திலும் யாரும் எதுவும் கேட்கவில்லை.) 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும், ஜப்பானுக்கு எதிராகப் போரில் இறங்கினால் குரில் தீவுகள் உங்களுக்கு என்று ஸ்டாலினுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்ட் 8-இல் சோவியத் போர் அறிவித்தது. 1941-இல் ஜப்பானோடு போட்ட நடுநிலை ஒப்பந்தம் அப்போது காலாவதியாகியிருக்கவில்லை. ஆகஸ்ட் 15-இல் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். எதோரோஃபுவில் சோவியத் படை இறங்கியது ஆகஸ்ட் 28-இல். செப்டம்பர் 5-க்குள் நான்கும் போய்விட்டன. அங்கிருந்த சுமார் 17,000 ஜப்பானியர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள்.

ஜப்பானியர்களுக்கு இதில் இருக்கும் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அவர்கள் அதிகம் பேச விரும்பாத பகுதி ஒன்று உண்டு. 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் ஜப்பான் ‘குரில் தீவுகள்’ மீதான உரிமையைக் கைவிட்டது. யாருக்குக் கைவிட்டது, எந்தெந்தத் தீவுகளை என்று அதில் எழுதவில்லை. சோவியத் அதில் கையெழுத்தும் போடவில்லை. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவுத் தலைவர், குனாஷிரியும் எதோரோஃபுவும் குரில் தீவுகளில் அடக்கம் என்றுதான் பதில் சொன்னார். ஐந்து ஆண்டு கழித்து 1956-இல், அவை குரிலில் சேராதவை என்று அரசு நிலையை மாற்றியது. நான்கு தீவும் எங்கள் ஆதி நிலம் என்ற இன்றைய உறுதியான குரல் அப்படித்தான் உருவாயிற்று.

அதே 1956-இல்தான் காரியம் கைகூடும் அளவுக்கு நெருங்கியது. பக்கவாதம் வந்து உடல் தளர்ந்திருந்த பிரதமர் இச்சிரோ ஹதோயாமா மாஸ்கோவுக்கே போனார். அக்டோபர் 19-இல் கூட்டுப் பிரகடனம் கையெழுத்தானது. போர் நிலை முடிந்தது, தூதரக உறவு திரும்பியது. ஒன்பதாவது பிரிவு சொன்னது: சமாதான ஒப்பந்தம் முடிந்த பிறகு ஹபொமாயையும் ஷிகோதானையும் சோவியத் ஒன்றியம் ஜப்பானிடம் ஒப்படைக்கும். அதாவது அந்த 7 சதவீதம். இரு நாட்டு நாடாளுமன்றமும் அங்கீகரித்த பத்திரம் இது.

அப்படியானால் ஏன் அப்போதே வாங்கிக்கொள்ளவில்லை? இரண்டோடு முடித்துக்கொள்வதை ஆளுங்கட்சிக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். வாஷிங்டனும் எதிர்த்தது. அந்த ஆகஸ்டில் லண்டனில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சுவைச் சந்தித்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ், மற்ற இரண்டையும் சோவியத்துக்கு விட்டுக்கொடுத்தால் எங்கள் வசமுள்ள தெற்குத் தீவான ஒகினாவாவை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். பனிப்போர் காலத்தில் டோக்கியோவும் மாஸ்கோவும் சமாதானமாகிவிடுவது அமெரிக்காவுக்கு உவப்பான செய்தியாக இருக்கவில்லை.

அப்புறம் 1960. ஜனவரி 19-இல் வாஷிங்டனில் திருத்திய அமெரிக்க–ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பிரதமர் நொபுசுகே கிஷி கையெழுத்துப் போட்டார். ஜப்பான் மண்ணில் அமெரிக்கத் தளங்கள் தொடரும் என்பது அதன் சாரம். எட்டே நாளில், ஜனவரி 27-இல், சோவியத் பதில் வந்தது: ஜப்பானிலிருந்து அந்நியப் படைகள் எல்லாம் போன பிறகுதான் அந்த இரண்டு தீவும். வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோவின் அந்தக் குறிப்பு 1956-இல் இல்லாத புதிய நிபந்தனையைச் சேர்த்தது. ஒருதலைப்பட்சமாக நிபந்தனை சேர்க்க முடியாது என்று ஜப்பான் வாதிட்டது. சட்டப்படி அது சரியான வாதம். ஆனால் தீவு அவர்கள் கையில் இருந்தது.

கிஷி, ஷின்சோ அபேயின் தாய்வழித் தாத்தா.

ஷின்சோவின் தந்தை ஷின்தாரோ அபேக்கும் இதில் பங்கு உண்டு. 1982 முதல் 1986 வரை வெளியுறவு அமைச்சர். அந்த நாட்களில் மகன்தான் அவருக்குச் செயலாளர். சோவியத்தோடு பேச்சைத் திறப்பதை ஷின்தாரோ தன் கடைசிப் பணியாக எடுத்துக்கொண்டார். 1990-இல் மாஸ்கோ போய் கோர்பசேவிடம் எட்டு அம்சத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். 1991 ஏப்ரலில் கோர்பசேவ் டோக்கியோ வந்தபோது கடும் நோயில் இருந்தவர், எழுந்து போய் அவரைப் பார்த்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். மகன் 2016-இல் புதினிடம் நீட்டிய பொருளாதாரத் திட்டத்திலும் எட்டு அம்சங்களே இருந்தன. 2019 ஜனவரியில் யமகுச்சி மாவட்டத்தில் தந்தையின் கல்லறைக்குப் போனவர், சமாதான ஒப்பந்தத்துக்காக முழு மூச்சாகப் பாடுபடுவேன் என்று அங்கே சொல்லிவிட்டு வந்ததாக நிருபர்களிடம் கூறினார். தந்தை விட்டதை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் மேடைக்காகச் சொன்னது மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். சிக்கல், அவர் தாத்தாவின் பேரனாகவும் இருந்ததுதான். அமெரிக்கக் கூட்டணியை மேலும் இறுக்கியவர் அவர். படைகள் வெளிநாட்டில் அமெரிக்காவோடு சேர்ந்து இயங்க வழிவிட்ட 2015 பாதுகாப்புச் சட்டங்கள் அவர் கொண்டுவந்தவை. தாத்தா போட்ட முடிச்சை ஒரு கையால் இறுக்கிக்கொண்டே மறு கையால் அவிழ்க்கப் பார்த்தார்.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993-இல் நான்கு தீவின் பெயரையும் எழுதி, பேசித் தீர்ப்போம் என்றார் ரஷ்ய அதிபர் யெல்ட்சின். 1997-இல் 2000-க்குள் ஒப்பந்தம் என்றார். 2001-இல் இர்குட்ஸ்கில் புதின் 1956 பிரகடனத்தை மறுபடி உறுதிசெய்தார். எதுவும் நடக்கவில்லை. 2010-இல் மெத்வேதேவ் குனாஷிர் தீவுக்கே போய் இறங்கினார், அங்கே கால் வைத்த முதல் ரஷ்ய அதிபர். 2012-இல் மீண்டும் அதிபராகப் போகிற நிலையில் இருந்த புதின், தீவு விவகாரத்தில் ஜூடோ ஆட்டத்தின் ‘ஹிகிவகெ’ மாதிரி ஒரு முடிவு வேண்டும் என்றார். யாரும் தோற்காத சமநிலை. அந்த ஆண்டுக் கடைசியில் பதவிக்கு வந்த அபே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சோச்சி விழா முடிந்து ஆறு வாரத்துக்குள் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. ஜி7 நாடுகளோடு சேர்ந்து ஜப்பானும் தடை விதித்தது. ஆனால் பெயருக்குத்தான். 2018-இல் பிரிட்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்க்ரிபால் மீது நச்சுத் தாக்குதல் நடந்து மேற்கு நாடுகள் ரஷ்யத் தூதர்களை வெளியேற்றியபோது, ஜப்பான் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. தீவு மட்டுமே இதற்குக் காரணமில்லை. சீனாவும் ரஷ்யாவும் ஒன்றாகக் கைகோத்து எதிரே நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது என்ற கவலையும் அபேக்கு இருந்தது. அது நியாயமான கவலை.

2016 டிசம்பரில் புதினைத் தன் சொந்த ஊர்ப்பக்கமான நகாதோவின் வெந்நீர் ஊற்று விடுதிக்கே அழைத்தார். புதின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தார். முன்பு பரிசாகக் கொடுத்த அகிதா நாய்க்குத் துணையாக இன்னொன்று தருகிறோம் என்று ஜப்பான் சொன்னதை ரஷ்யத் தரப்பு அதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அந்தச் சந்திப்புக்கு ஒரு மாதம் முன்னால் இதுருப்பிலும் குனாஷிரிலும் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளை ரஷ்யா நிறுத்தியது. முன்னாள் தீவுவாசிகள் எழுதிய கடிதங்களை அபே புதினிடம் கொடுத்தார். அங்கே வெளியான முக்கிய முடிவு, தீவுகளில் இரு நாடும் சேர்ந்து பொருளாதாரப் பணிகள் செய்வது பற்றிப் பேசத் தொடங்குவது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடல்வாழ் உயிரின வளர்ப்பு, பசுமைக்குடில் காய்கறி, சுற்றுலா, காற்றாலை, குப்பைக் குறைப்பு என்று ஐந்து வேலைகளையும் அடுத்த ஆண்டே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே பசுமைக்குடில் போட்டால் வரியை எந்த நாட்டுக்குக் கட்டும்? தொழிலாளிக்கு அடிபட்டால் எந்த நாட்டு நீதிமன்றம்? ரஷ்யச் சட்டத்தை ஏற்றால் தீவு ரஷ்யாவுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது டோக்கியோவின் கவலை. அதனால் ‘தனி ஏற்பாடு’ வேண்டும் என்றார்கள். எங்கள் மண்ணில் எங்கள் சட்டம்தான் என்றது மாஸ்கோ. மூன்று ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2019 இலையுதிர் காலத்தில் ஒரு சோதனைச் சுற்றுலா நடந்தது. அவ்வளவுதான். யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொழிலில் தொடங்கலாம் என்ற யோசனை, தொழிலின் முதல் ரசீதிலேயே அந்தக் கேள்வியை மோதிக்கொண்டது.

2018 செப்டம்பரில் விளாடிவொஸ்டோக் மேடையில், சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அபேயும் பக்கத்தில் இருக்க, இந்த ஆண்டு முடிவதற்குள் முன்நிபந்தனை இல்லாமல் சமாதான ஒப்பந்தம் போடலாமா என்று புதின் கேட்டார். அபே சிரித்து மழுப்பினார். ஆனால் நவம்பர் 14-இல் சிங்கப்பூரில் அவரே பெரிய அடி ஒன்று எடுத்து வைத்தார். 1956 பிரகடனத்தை அடிப்படையாக வைத்துப் பேச்சை விரைவுபடுத்துவது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். போர் முடிந்து 70 ஆண்டுக்கு மேல் கிடக்கும் பிரச்சினையை அடுத்த தலைமுறைக்கு விடாமல் நானும் அதிபர் புதினும் முடித்துவைப்போம் என்றார் அபே. பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த நான்கை விட்டு இரண்டுக்கு இறங்கியாயிற்று என்பதே இதன் பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் வெளியுறவுக் கையேட்டின் 2019 பதிப்பிலிருந்து, வடக்குப் பிரதேசம் ஜப்பானுக்குச் சொந்தம் என்ற வாக்கியம் சத்தமில்லாமல் காணாமல் போனது.

இதற்காக அபேயைத் துரோகி என்றவர்கள் ஜப்பானில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கும் கிடைக்கும் வாய்ப்பு 1945-க்குப் பிறகு ஒருநாளும் உண்மையில் இருந்ததில்லை. இரண்டு என்பதாவது கையெழுத்தாகிக் கிடந்த காகிதம். அதைக் கையில் எடுத்தது துணிச்சல்தான். அவர் தவறு வேறு இடத்தில். தன் காலத்திலேயே முடிப்பேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். கட்சித் தலைவராக அவர் பதவி 2021 செப்டம்பர் வரைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். புதினுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. அவசரப்படுபவர் யார் என்று தெரிந்துவிட்ட பேரத்தில் மற்றவர் விலையை ஏற்றிக்கொண்டே போகலாம்.

ஏற்றினார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவுகளை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், நான்கும் சட்டப்படி எங்களுடையவை என்று சொல்லுங்கள் என்றார் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ். பிரகடனத்தில் ஒப்படைப்போம் என்றுதான் இருக்கிறது, எந்த நிபந்தனையில், யாருடைய இறையாண்மையின் கீழ் என்று இல்லையே என்றார் புதின். 2018 டிசம்பரில் அவர் கேட்ட கேள்விதான் உண்மையில் குறிபார்த்து எறிந்தது. ஒகினாவாவில் ஆளுநரும் மக்களும் வேண்டாம் என்று சொல்லியும் அமெரிக்கத் தளப் பணி நடக்கிறதே, இதுபோன்ற விஷயங்களில் ஜப்பானுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? நாளை ஷிகோதானைக் கொடுத்தால் அங்கே ஏவுகணை வராது என்று யார் உறுதி தருவது?

அபேயிடம் இதற்குப் பதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, ஜப்பானின் நிர்வாகத்தில் இருக்கும் நிலப்பகுதிகளைக் காக்கும் பொறுப்பை அமெரிக்காவுக்குத் தருகிறது. சீனா உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கும் இது பொருந்தும் என்று 2014 ஏப்ரலில் டோக்கியோவுக்கு வந்த ஒபாமா வெளிப்படையாகச் சொன்னார். அந்த வாக்கைப் பெறுவது அபே அரசுக்குப் பெரிய காரியமாக இருந்தது. இப்போது வடக்கே இரண்டு தீவுகளை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே வைக்கிறோம் என்று ஜப்பானே எழுதிக் கொடுத்தால், தெற்கே அதே கேள்வியைப் பெய்ஜிங் எழுப்பாதா? நிர்வாகம் நம்முடையது, அமெரிக்கப் பொறுப்பு கிடையாது என்று ஒரு முன்மாதிரி உருவாகிவிடும். ஹபொமாயின் ஆளில்லாப் பாறைகளுக்காகச் சென்காகுவைப் பலவீனப்படுத்த எந்த ஜப்பானியப் பிரதமரும் துணியமாட்டார், அபே கண்டிப்பாக மாட்டார். 1960-இன் நிபந்தனை 58 ஆண்டு கழித்து அப்படியே வந்து வழிமறித்தது.

2019 முழுக்கச் சரிவு. புத்தாண்டில் அபே, இறையாண்மை மாறினால் அங்கே வாழும் ரஷ்யர்களின் புரிதலைப் பெற வேண்டும் என்ற தோரணையில் பேச, ரஷ்யா ஜப்பானியத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. மார்ச்சில் ரஷ்யத் தொழிலதிபர்களின் கூட்டத்தில் புதின், பேச்சின் வேகம் போய்விட்டது, ஜப்பான் முதலில் அமெரிக்க ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வேண்டும் என்று சொன்னதாக அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. ஆகஸ்டில், அப்போது ரஷ்யப் பிரதமராக இருந்த மெத்வேதேவ் இதுருப்புக்குப் போனார். செப்டம்பரில் அபே மறுபடி விளாடிவொஸ்டோக் போய், மேடையிலிருந்து புதினை ‘விளாடிமிர்’ என்று பெயர் சொல்லி அழைத்து, இருவரும் சேர்ந்து இலக்குவரை ஓடுவோம் என்றார். அதே நாளில் புதின் காணொளி வழியாக ஷிகோதானில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையைத் திறந்து வைத்தார். பார்ப்பவர்களுக்கே சங்கடமாக இருந்தது.

2020 ஜூலையில் ரஷ்ய அரசியல் சட்டத் திருத்தம் நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதைத் தடை செய்தது. ஆகஸ்ட் 28-இல் குடல் அழற்சி நோய் திரும்பியதால் பதவி விலகுவதாக அபே அறிவித்தார். முடிக்க முடியாமல் போனவை என்று அவர் வேதனையோடு சொன்னவற்றில் வடகொரியா கடத்திய ஜப்பானியர்கள், அரசியல் சட்டத் திருத்தம் ஆகியவற்றோடு ரஷ்ய ஒப்பந்தமும் இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழுப்படையோடு பாய்ந்தது. இந்த முறை ஜப்பான் கடுமையான தடைகளை விதித்தது. மார்ச் 21-இல் சமாதான ஒப்பந்தப் பேச்சை நிறுத்துவதாக மாஸ்கோ அறிவித்தது. ஜூலை 8-இல் நாரா நகரில் தேர்தல் பிரசாரத்தில் அபே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் வெளியுறவுக் கையேட்டில் ‘சட்டவிரோத ஆக்கிரமிப்பு’ என்ற பழைய சொல் சுமார் இருபது ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. முன்னாள் தீவுவாசிகள் விசா இல்லாமல் போய்வர இருந்த ஏற்பாட்டையும் ரஷ்யா செப்டம்பரில் ரத்து செய்தது. உயிரோடு இருப்பவர்களின் சராசரி வயது 85-ஐத் தாண்டிவிட்டது. டோக்கியோ இப்போது முதலில் வலியுறுத்துவது அவர்கள் முன்னோர் கல்லறைகளுக்குப் போய்வர மறுபடி அனுமதி வேண்டும் என்பதைத்தான்.

ஆனாலும் ஏட்டில் இரண்டு விஷயங்கள் மிச்சமிருக்கின்றன. 1956 பிரகடனம் அங்கீகரிக்கப்பட்ட ஆவணம். இன்னொன்று, நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லும் ரஷ்யத் திருத்தத்திலேயே அண்டை நாடுகளோடு எல்லை வரையறுப்பதற்கு விலக்கு இருக்கிறது. வருங்கால ரஷ்ய அரசு ஒன்று மனம் வைத்தால் அந்த விலக்கின் வழியாகவே வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு டோக்கியோவில் ஒருவர், அந்த இரண்டு தீவில் அமெரிக்கத் தளம் வராது என்று வாஷிங்டனின் சம்மதத்தோடு எழுதித் தர வேண்டியிருக்கும். 2022 டிசம்பரில் பாதுகாப்புச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்கு உயர்த்த முடிவெடுத்து, அமெரிக்கக் கூட்டணியில் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும் ஜப்பானில் அப்படி எழுதக்கூடிய கை இப்போதைக்குத் தென்படவில்லை.